ஆபீஸ் காபி மெஷினுக்கு வீட்டிலேயே வில்லை: மலைக் கொட்டை, வாணலி வறுவல், 7 கிராம் கணக்கு

நாமக்கல்லில் முட்டை, தீவன வியாபாரம் நடக்கும் அலுவலகங்கள், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி, ரிக் அலுவலகங்கள், சேலத்து வங்கிகள் என்று பல இடங்களில் இப்போது ஒரு மூலையில் காபி மெஷின் உட்கார்ந்திருக்கிறது. ஓசூர், பெங்களூரு, கோவை என்று வேலைக்குப் போன பிள்ளைகளின் ஆபீஸிலும் இதே கதைதான். பட்டனைத் தட்டினால் அரை நிமிடத்தில் கெட்டியான எஸ்பிரெசோ டிகாஷன் இறங்குகிறது. சில ஆபீஸ்களில் மெஷின் மட்டும்தான் இலவசம். அதற்குள் போடும் கேப்சூலையோ வில்லையையோ அவரவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வில்லையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 5 முதல் 7 கிராம் காபித் தூள், அவ்வளவுதான். அதே காபிக் கொட்டை சேலத்துக்கு மேலே ஏற்காட்டிலும், நாமக்கல்லுக்கு மேலே கொல்லிமலையிலும் விளைகிறது. அங்கே விவசாயி பழமாகவோ காய்ந்த செர்ரியாகவோ கிலோ கணக்கில் விற்கிறார். கீழே அவருடைய சொந்தக்காரர் பிள்ளை அதையே கிராம் கணக்கில் வாங்கிக் குடிக்கிறது. நடுவில் ஏறும் விலையில் பெரும்பகுதி நான்கு வேலைகளுக்கானது: வறுப்பது, அரைப்பது, அளப்பது, பொதிவது. நான்கையும் வீட்டு அடுப்படியில் செய்ய முடியும். எப்படிச் செய்வது, எதில் கவனம் வேண்டும், விற்க நினைத்தால் என்ன சட்டம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மெஷின் என்ன செய்கிறது?

நம் வீட்டு பில்டரில் வெந்நீர் தன் எடையால் மெல்ல இறங்குகிறது. டிகாஷன் இறங்கக் கால் மணி, அரை மணி ஆகும். எஸ்பிரெசோ மெஷினில் 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரை, சுமார் 9 பார் அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளுகிறார்கள். 9 பார் என்பது லோடு ஏற்றிய லாரியின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால்தான் 7 கிராம் தூளில் இருந்து 25 முதல் 30 விநாடிக்குள் 25 முதல் 30 மில்லி கெட்டி டிகாஷன் கிடைக்கிறது. அதில் 100 மில்லி சூடான பால் ஊற்றினால் நம் ஊர்க் காபி.

இந்த அழுத்தத்தை ஈடுகொடுக்கத் தூள் சரியான நைசிலும், சரியான எடையிலும், சமமாக அழுத்தியும் இருக்க வேண்டும். ஆபீஸில் ஒவ்வொருவரும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால் வந்ததுதான் ஒரு கப் வில்லை. இத்தாலியில் காகிதத்தில் பொதிந்த வில்லை வந்தது. சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் எரிக் பாவ்ரே என்ற பொறியாளர் 1976-ல் கேப்சூல் முறைக்குக் காப்புரிமை பெற, 1986-ல் அது நெஸ்பிரெசோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வசதி கூடியது, குப்பையும் கூடியது. அமெரிக்காவில் 'கே-கப்' என்ற பிளாஸ்டிக் குப்பியை உருவாக்கிய ஜான் சில்வன், அதைச் செய்ததற்காகச் சில நேரம் வருத்தப்படுவதாக 2015-ல் சொன்னார். 2016-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம், அரசு அலுவலகங்களுக்கு அரசுப் பணத்தில் காபி கேப்சூல் வாங்கக் கூடாது என்று விதித்தது. காகித வில்லையில் இந்தத் தொல்லை இல்லை. குடித்து முடித்ததும் அப்படியே எருக்குழிக்குப் போய்விடும்.

முதலில் ஆபீஸ் மெஷின் எந்த வகை என்று பாருங்கள்

வில்லை செய்யும் முன் மெஷினைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். பொதுவாக நான்கு வகை இருக்கிறது.

முதல் வகையில் கொட்டையைக் கொட்டினால் மெஷினே அரைத்துக் காபி போடும். இதற்கு வில்லை தேவையில்லை. வறுத்த கொட்டையைக் கொடுத்தாலே போதும்.

இரண்டாவது வகை கைப்பிடி வைத்தது. கைப்பிடியின் முனையில் சல்லடைக் கிண்ணம் இருக்கும். அதில் தூளையும் போடலாம், காகித வில்லையையும் வைக்கலாம். காகித வில்லைக்கென்றே செய்த மெஷின்களில் உலகம் முழுக்க 44 மில்லிமீட்டர் குறுக்களவு, 7 கிராம் தூள் என்பதுதான் பொது அளவு. சாதாரணச் சல்லடைக் கிண்ணம் 51 முதல் 58 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்தக் கிண்ணத்தில் 44 மில்லிமீட்டர் வில்லையை வைத்தால் தண்ணீர் ஓரத்து இடைவெளி வழியே ஓடிவிடும், காபி சப்பென்று இருக்கும். கிண்ணத்தின் உள் அகலத்தை ஸ்கேலில் அளந்து, அதற்குத் தக்கபடி வில்லை செய்ய வேண்டும்.

மூன்றாவது வகை கேப்சூல் மெஷின். இதில் காகித வில்லை போடக் கூடாது. அந்த மெஷினுக்கு ஏற்ற, திரும்பத் திரும்ப நிரப்பும் எவர்சில்வர் கேப்சூல் கடைகளில் கிடைக்கிறது. ஒன்றில் 5 முதல் 6 கிராம் தூள் பிடிக்கும். ஐந்தாறு வாங்கி வைத்து, வீட்டில் நிரப்பி எடுத்துப் போகலாம். பயன்படுத்திய அலுமினியக் கேப்சூலைக் கழுவி, தூள் நிரப்பி, மேலே பசைக் காகிதம் ஒட்டி மறுபடி போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். பசை வெந்நீரில் இளகும். அழுத்தம் தாங்காமல் கிழிந்தால் மெஷின் உள்ளே தூள் அடைக்கும்.

நான்காவது வகை, பால் பவுடரும் காபி பவுடரும் கலந்து ஊற்றும் பழைய வெண்டிங் மெஷின். அதற்கு இந்த வேலை எதுவும் பொருந்தாது.

ஆபீஸ் மெஷின் வாடகைக்கோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருக்கும். வெளி வில்லை போடலாமா என்று பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கொட்டை வாங்குவது

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து நடவைத்தவர். 200 ஆண்டுகளாக ஏற்காட்டில் காபி இருக்கிறது. கொல்லிமலையில் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காபிச் செடி என்று மலையாளிப் பழங்குடி விவசாயிகளின் சின்னச் சின்னத் தோட்டங்களைப் பார்க்கலாம்.

அரபிகாப் பழம் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும், ரோபஸ்டா ஜனவரி முதல் மார்ச் வரையிலும் பறிப்புக்கு வரும். பழத்தின் தோலை உரித்து, கழுவிக் காயவைத்த கொட்டையைப் பிளாண்டேஷன் என்றும், பழத்தை அப்படியே காயவைத்து உடைத்ததைச் செர்ரி என்றும் சொல்வார்கள். வில்லைக்குப் பிளாண்டேஷன் அரபிகா 70 பங்கு, ரோபஸ்டா 30 பங்கு என்று கலந்து ஆரம்பிக்கலாம். அரபிகா மணம் கொடுக்கும். ரோபஸ்டா கெட்டித்தன்மையும் மேலே நிற்கும் நுரையும் கொடுக்கும்.

பச்சைக் கொட்டை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். கறுப்புக் கொட்டை, பொத்தல் விழுந்த கொட்டை, உடைசல் ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். ஒரு கப்பில் இரண்டு கறுப்புக் கொட்டை இருந்தாலே கசப்பு தெரியும். இரண்டு, ஈரம் 10, 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல்லில் கடித்தால் பதியாமல் கெட்டியாக இருக்க வேண்டும். மூன்று, பூசண வாசம், சாக்கு வாசம் வரக் கூடாது.

பச்சைக் கொட்டை ஆறு மாதம் தாராளமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் உள்ள வாசத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும். மிளகு, மிளகாய், மாட்டுத் தீவனம், உர மூட்டை இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. சுத்தமான சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் வைத்தால் போதும்.

வறுவல்

அடி கனமான இரும்பு வாணலி நல்லது. ஒரு தடவைக்கு 200 முதல் 250 கிராமுக்கு மேல் போட வேண்டாம். அதிகம் போட்டால் அடியில் கருகும், மேலே பச்சையாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், புகை வரும். சருகு போன்ற தோல் பறக்கும், அடுப்பில் விழுந்தால் பற்றும். அதனால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நடுத்தரத் தீயில், கை எடுக்காமல் கிளற வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகும்போது வைக்கோல் வாசம் வரும். பிறகு ரொட்டி சுடும் வாசம், பிறகு பழுப்பு நிறம். 8 முதல் 10 நிமிடத்தில் கொட்டை 'பட், பட்' என்று வெடிக்கும். இது முதல் வெடிப்பு. அது அடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில், அடர்ந்த பழுப்பு நிறம் வந்ததும் இறக்கிவிடலாம். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். இரண்டாவது முறை மெல்லிய சடசடப்புச் சத்தம் கேட்டால் எண்ணெய் வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போனால் கரிச் சுவைதான் மிஞ்சும்.

இறக்கியதும் வாணலியிலேயே விடக் கூடாது. அதன் சூட்டில் கொட்டை இன்னும் வறுபடும். முறத்தில் கொட்டி, பேன் காற்றில் புடைத்து ஐந்து நிமிடத்துக்குள் ஆறவைக்க வேண்டும். தோலும் பறந்துவிடும்.

வறுத்த அன்றே வில்லை போட வேண்டாம். வறுத்த கொட்டையில் இருந்து கரியமில வாயு சில நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே போட்டால் மெஷினில் நுரை மட்டும் பொங்கும், சாறு இறங்காது. முதல் நாள் மூடியை லேசாக வைத்து, அடுத்த நாள் இறுக மூடி, நான்காம் நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துவது சரியான பக்குவம்.

வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் குறையும். 1 கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் சுமார் 830 கிராம்தான் கையில் நிற்கும். கணக்குப் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

அரைவை

எஸ்பிரெசோவுக்குப் பில்டர் தூளை விட நைசு வேண்டும். ஆனால் மைதா போல் வழுவழுவென்று ஆகக் கூடாது. விரலிடையே தேய்த்தால் மிகச் சன்னமான மணல் போல் நெருட வேண்டும். காபித் தூள் கடையில் 'எஸ்பிரெசோ அரைவை' என்று கேட்கலாம். முன்னால் சிக்கரி அரைத்திருந்தால் ஒரு கைப்பிடி கொட்டையை ஓடவிட்டுச் சுத்தம் செய்த பின் அரைக்கச் சொல்லுங்கள்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சூடேறி மணம் போய்விடும். 10 விநாடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். நைசுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையைத் திரும்ப அரைக்கலாம். மிக்ஸித் தூள் எப்போதும் கொஞ்சம் ஏறத்தாழத்தான் இருக்கும். வாரா வாரம் செய்பவர்கள் கையால் சுற்றும் காபி அரைவையை வாங்கினால் அந்த வித்தியாசம் கப்பிலேயே தெரியும்.

கொட்டையாக இருக்கும்வரை மணம் நிற்கும். தூளானதும் வேகமாகப் போய்விடும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

வில்லை போடும் முறை

தேவையானவை: காபி பில்டர் காகிதம், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, 44 மில்லிமீட்டர் உள் அகலமுள்ள தட்டை அடி எவர்சில்வர் மூடி அல்லது கிண்ணம், அதற்குள் சரியாக இறங்கும் தட்டையான அழுத்துகட்டை.

1. காகிதத்தில் சுமார் 80 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பெரிய வட்டமும், 44 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன வட்டமும் வெட்டிக்கொள்ளுங்கள்.

2. பெரிய வட்டத்தைக் கிண்ணத்துக்குள் தொன்னை போல் அழுத்தி வையுங்கள். ஓரம் மேலே நிற்க வேண்டும்.

3. 7 கிராம் தூளை நிறுத்துப் போடுங்கள். தராசு இல்லாவிட்டால், கடையில் 70 கிராம் நிறுத்து வாங்கி, ஒரே அளவு 10 பங்காகப் பிரிக்கலாம்.

4. கிண்ணத்தை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்கி, நேராக ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் தண்ணீர் மெல்லிய பக்கமாகவே ஓடும்.

5. சின்ன வட்டத்தை மேலே வைத்து, நிற்கும் ஓரத்தைக் கொசுவம் வைப்பது போல் உள்நோக்கி மடித்து, மறுபடி ஒரு அழுத்து அழுத்துங்கள். வில்லை சுமார் 1 சென்டிமீட்டர் கனத்தில் வரும்.

6. மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி, காய்ந்த எவர்சில்வர் டப்பாவில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இறுக மூடுங்கள்.

பசை, ஸ்டேப்ளர் பின், செலோ டேப் எதுவும் கூடாது. செய்தித்தாள், அச்சடித்த காகிதம், டிஷ்யூ காகிதம் ஆகவே ஆகாது. அச்சு மை வெந்நீரில் கரையும், டிஷ்யூ கிழியும். மெஷினில் வைக்கும்போது மடிப்பு ஓரம் ரப்பர் வளையத்தில் சிக்காமல் உள்ளே இருக்க வேண்டும். சிக்கினால் பக்கவாட்டில் வெந்நீர் பீய்ச்சும். மெஷின் ஓடும்போது கைப்பிடியைத் திறக்கவே கூடாது.

முதல் தடவையே சரியாக வராது. 10, 15 விநாடியில் தண்ணீர் போல் ஓடிவந்தால் தூள் பருமன், அல்லது அழுத்தம் போதவில்லை. சொட்டுச் சொட்டாக 45 விநாடி தாண்டி இறங்கினால் தூள் அதிக நைசு. தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்து வில்லையில் உங்கள் மெஷினுக்கு ஏற்ற பக்குவம் பிடிபட்டுவிடும்.

கணக்கு

1 கிலோ பச்சைக் கொட்டையில் 830 கிராம் வறுத்த கொட்டை. அதை 7-ஆல் வகுத்தால் சுமார் 118 வில்லை. நீங்கள் வாங்கும் கொட்டை விலையை 118-ஆல் வகுத்தால் ஒரு வில்லையின் அடக்கம் தெரியும். கணக்குக்காகக் கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் வில்லைக்குச் சுமார் 5 ரூபாய். காகிதம், கேஸ், அரைவைக் கூலிக்கு இரண்டு ரூபாய் சேர்த்தாலும் 7 ரூபாய். இதை ஆபீஸில் வாங்கும் கேப்சூலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 2 கப் என்றால் 44 வில்லை. அதற்கு வேண்டியது 308 கிராம் வறுத்த கொட்டை, அதாவது சுமார் 370 கிராம் பச்சைக் கொட்டை. வருஷத்துக்கு நாலரைக் கிலோ. அறுவடை முடிந்த பிப்ரவரியில் மலையில் ஒரே தடவை 5 கிலோ வாங்கிவிட்டால் ஒருவருடைய ஆபீஸ் காபிச் செலவின் பெரும்பகுதி முடிந்தது.

இதையே மலைக்காரர் பக்கத்தில் இருந்து பாருங்கள். 100 கிலோ பழத்தில் 18 முதல் 20 கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும். 18 கிலோ என்றே வைத்தாலும், வறுத்தால் சுமார் 15 கிலோ. அது 2,100-க்கு மேற்பட்ட வில்லை. 100 கிலோ பழத்துக்கு வியாபாரி கொடுத்த பணத்தை 2,100-ஆல் வகுத்தால், ஆபீஸில் ஒருவர் குடிக்கும் ஒரு கப்பில் விவசாயிக்கு எவ்வளவு சேர்ந்தது என்று தெரிந்துவிடும். காபி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டுக்குச் செய்வதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஒரு பொட்டலம் விற்றாலும் சட்டம் வந்துவிடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் பதிவு எண் பெற வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கு எளிய பதிவு முறை உண்டு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். பொட்டலத்தில் பொருளின் பெயர், நிகர எடை, பொதிந்த தேதி, எதுவரை நல்லது, விலை, முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். சிக்கரி கலந்தால் அது 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று தெளிவாக அச்சிட வேண்டும்.

சட்டத்தை விடப் பெரிய சவால் புத்துணர்வு. கடையில் வாங்கும் கேப்சூலுக்குள் காற்று புகாது. வீட்டில் மடித்த காகித வில்லை ஒரு வாரம்தான் தாங்கும். அதனால் தூரத்துக் கடைக்கு அனுப்பும் சரக்கு இதுவல்ல. வாரா வாரம் பக்கத்து ஆபீஸுக்குப் போய்ச் சேரும் சரக்கு. மலையில் ஒரு மகளிர் குழு கொட்டையைப் பொறுக்கி வறுப்பது, ராசிபுரத்திலோ சேலத்திலோ இன்னொரு குழு திங்கள்தோறும் அரைத்து வில்லை போட்டு நாலைந்து ஆபீஸுக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் காசு நிற்கும். ஒரே ஆபீஸில் 20 பேர் நாளுக்கு 2 கப் குடித்தால் மாதம் 880 வில்லை. கொட்டையில் கணக்கிட்டால் ஏழரைக் கிலோ. ஒரு சின்னக் குழுவால் தாங்கக்கூடிய அளவுதான்.

சிறு விவசாயிகள் சேர்ந்து காபியில் பெயர் எடுக்க முடியும் என்பதற்கு ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கு உதாரணம். அங்கேயும் பழங்குடி விவசாயிகள்தான், அங்கேயும் சில்வர் ஓக், மிளகு, நிழல் காபிதான். நாந்தி அறக்கட்டளையின் துணையோடு கூட்டுறவாகச் சேர்ந்து, பழுத்த பழத்தை மட்டும் பறித்து, ஒரே இடத்தில் பதப்படுத்தினார்கள். 2017-ல் அவர்கள் காபிக்குப் பாரிஸ் நகரில் தனிக் கடையே திறக்கப்பட்டது. 2019-ல் அரக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் முதலில் மாற்றியது பறிப்பைத்தான். காயும் பழமும் கலந்து உருவிப் பறித்தால், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நல்ல காபி வராது.

வறுவலை முறையாகக் கற்க விரும்புவோர், பெங்களூரில் உள்ள காபி வாரியம் நடத்தும் 'காபி சாஸ்த்ரா' பயிற்சியைப் பற்றி விசாரிக்கலாம்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வில்லையில் சிக்கரி சேர்க்கலாமா? சிக்கரி இல்லாமல் எங்கள் வீட்டில் காபி இறங்காது.

பதில்: பில்டர் காபிக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். எஸ்பிரெசோ மெஷினில் சிக்கரி தண்ணீரை உறிஞ்சி, களி போல் ஆகி அடைத்துக்கொள்ளும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் 10 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். தூளையும் ஒரு சுற்றுப் பருமனாக அரையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் தூளில் சிக்கரி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகைத் தூள் தூவுங்கள். காபித் தூள் மிதக்கும். சிக்கரி சில விநாடியில் பழுப்புக் கோடு விட்டபடி கீழே இறங்கும்.

கேள்வி: வில்லையை பிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரம் ஏறும், குழம்பு வாசமும் பிடிக்கும். நிழலில், காய்ந்த டப்பாவில் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை 10 வில்லை போட்டு வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பது நல்லது.

கேள்வி: சுக்கு காபிக்கு இப்படி வில்லை செய்யலாமா?

பதில்: மெஷினுக்குச் செய்யக் கூடாது. சுக்கு, மல்லி, கருப்பட்டி மூன்றும் மெஷினின் சல்லடையை அடைக்கும். சுக்கு, மல்லித் தூளைக் காகிதப் பையில் பொதிந்து, டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கருப்பட்டி கலந்து குடிக்கலாம்.

கேள்வி: பரமத்தி பக்கம் தென்னந்தோப்பில் நிழல் இருக்கிறது. ஊடுபயிராகக் காபி வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். அரபிகாவுக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், 15 முதல் 25 டிகிரி வெப்பமும் வேண்டும். ரோபஸ்டாவுக்குக்கூட 500 மீட்டராவது உயரமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். நம் சமவெளியின் சித்திரை வெயிலைச் செடி தாங்கினாலும் பூவும் பிஞ்சும் நிற்காது. தென்னையில் கோகோ, வாழை போன்றவை பொருந்துமா என்று உங்கள் மண், தண்ணீர் விவரத்தோடு நாமக்கல் அல்லது சேலம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: மெஷினில் மிஞ்சும் காபிச் சக்கையைச் செடிக்குப் போடலாமா?

பதில்: அதில் தழைச்சத்து சுமார் 2 சதவீதம் இருக்கிறது. பச்சையாக நாற்றங்காலிலோ தொட்டியிலோ கனமாகப் பரப்பினால் இறுகி, தண்ணீர் இறங்காது. முளைப்பும் பாதிக்கும். எருக்குழியிலோ மண்புழு உரத் தொட்டியிலோ, மொத்தக் குப்பையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து மக்கவையுங்கள். காகித வில்லையைப் பிரிக்காமலே போடலாம். ஆபீஸில் ஒரு மூடி வாளி வைத்தால் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: நாளுக்கு எத்தனை கப் வரை குடிக்கலாம்?

பதில்: ஒரு எஸ்பிரெசோவில் சுமார் 60 முதல் 65 மில்லிகிராம் காபின் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு. டீயில் உள்ளதையும் இதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாலை நாலு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது.